மிக்ஸிக்கு ஒரு பெட்டி

உஷ் சாருக்கு அவருடைய பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆபீஸில் வாசல் காவலர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் உஷ் சார்தான். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் காதுக்கு எட்டாமல் அந்தக் கட்டடத்தில் எதையும் பேசிவிட முடியாது. அடுத்த அறையில் யாராவது பேனா மூடியைத் திருகினால், அது யாருடைய பேனா என்று சொல்லிவிடும் காது அது. பட்டப்பெயர் தெரிந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

விமானத்துக்குள் கேட்கும் இரைச்சலைக் குறைப்பது அவர் வேலை. பெரிய விமானம் இல்லை. இரண்டு இறக்கையிலும் விசிறி சுற்றுமே, அந்தச் சின்ன ரகம். அதில் ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை மண்டைக்குள் மாவு மில் ஓடும். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரத்துக்கு எதிரில் இருப்பவர் வாயசைப்பதுதான் தெரியும். இந்தப் பாழாய்ப்போன சத்தத்தை ஒழித்தே தீருவது என்று வாலிப வயதில் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியவர், தலை நரைத்த பிறகும் விடவில்லை. விமானச் சுவருக்குள் பஞ்சு மெத்தை திணித்தார். உள்பலகைகளை ரப்பர் குமிழ்களில் தொங்கவிட்டார். காற்று வரும் துவாரங்களின் வாயை மாற்றினார். கடைசியாகக் கூரைக்குள் சின்னச் சின்ன மைக்குகளையும் ஸ்பீக்கர்களையும் பதித்தார். மைக் விசிறியின் சத்தத்தைக் கேட்கும். ஸ்பீக்கர் அதற்கு நேர் எதிரான சத்தத்தைப் போடும். அது ஏறும்போது இது இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டு ஓய்ந்துவிடும். கேட்பதற்குக் கண்கட்டு வித்தை மாதிரி இருந்தாலும், விஷயம் வேலை செய்தது.

இந்த வேலையில் அவருக்கு ஒரே ஒரு எதிரி. ஒரே ஒரு நண்பரும் அவர்தான். எடைப் பிரிவுக்காரர், ஆபீஸில் அவருக்குத் தராசு என்று பெயர். விமானத்தில் யார் எதை வைத்தாலும் அதைக் கையில் தூக்கிப் பார்த்து முகம் சுளிப்பதற்காகவே தராசுக்குச் சம்பளம். உஷ் சாரின் பஞ்சு மெத்தையைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும்.

"அமைதி அமைதின்னு சொல்றே. தூக்கினா இடுப்பு ஒடியுதேய்யா" என்பார்.

சத்தத்தை அளக்கும் நாளில் விமானத்துக்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது. அதுதான் அவர்கள் தொழிலின் முதல் சட்டம். சீட்டுக்குச் சீட்டு ஒரு பொம்மைத் தலையை வைப்பார்கள். கழுத்துவரைக்கும் ஆள், ரப்பர் காது, காதுக்குள் மைக். கூடப் பறக்கும் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். யாராவது இருமித் தொலைத்தால் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். அதனால் யார் தொண்டையாவது கரகரப்பதற்கு முன்னாலேயே உஷ் சார் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பார். பொம்மைத் தலைகள்தான் அவருக்குப் பிடித்த பயணிகள். அவை தண்ணீர் கேட்பதில்லை, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதில்லை, பக்கத்துத் தலையோடு ஊர்க்கதை பேசுவதில்லை. அவற்றைச் சுற்றி அவர் அத்தனை வருஷம் பாடுபட்டு உண்டாக்கிய அமைதிக்குள் உட்கார்ந்து, ஒரு மனுஷனாவது ஒரு வார்த்தை பேசிப் பார்த்ததில்லை. பேசினால் என்ன ஆகும் என்று யாருக்கும் உறைக்கவும் இல்லை. படித்தவர்கள் கூடிச் செய்த தவறு அது.

அவர் மனைவி ஒரு காலத்தில் வாயாடி. பெண் பார்க்கக்கூடப் போகவில்லை. உறவுக்காரர் வீட்டு விருந்தில் கூட்டத்துக்கு அந்தக் கோடியில் யாரோ சிரித்தார்கள், இந்தக் கோடியில் நின்ற இவர் தட்டோடு திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். ஆரம்பத்தில் அவள் மூச்சு விடாமல் பேசுவாள், இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வேலை கூடக் கூட, காது கூர்மையாகக் கூர்மையாக, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அந்தக் காது ஓய்வு கேட்டது. அப்போதுகூட அவர் யாரையும் அதட்டியதில்லை. விரல் உதட்டுக்குப் போகும். "உஷ்" என்பார், அதுவும் மெல்ல. கூடவே ஒரு சின்னப் புன்னகையும் இருக்கும்.

நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டினார். கதவுகளுக்கு ரப்பர் பட்டை வைத்தார். குழாய் சொட்டுவதை நிறுத்தினார், ஃபிரிட்ஜின் முனகலை நிறுத்தினார், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டார். மகள் பிறந்து வளர்ந்து கல்லூரி முடித்து வேலைக்கும் போனாள். அந்தப் பெண் குதிகால் தரையில் படாமல் நடப்பதைப் பார்த்தவர்கள் நாட்டியம் கற்றாளா என்று விசாரித்தார்கள். வீட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த கடைசிப் பிறவி மிக்ஸிதான். மனைவியின் பிறந்தநாளுக்காக உஷ் சார் வார விடுமுறைகளில் உட்கார்ந்து அதற்கொரு பெட்டி செய்தார். விமானச் சுவரில் வைக்கும் அதே பஞ்சு, அதே ரப்பர், முன்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு. மிக்ஸியை உள்ளே வைத்து ஓட்டிக் காட்டியபோது தேனீ ஒன்று எங்கோ தூரத்தில் பறக்கிற அளவுக்குத்தான் கேட்டது.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் மனைவி.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை அவர் ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டார்.

விமானம் தயாரானதும் வாங்குவதற்கு ஒரு கம்பெனி முன்வந்தது. அதன் கொள்முதல் அதிகாரி ஒரு பெண்மணி. கறாரானவர். எதற்கும் சிரிக்க மாட்டார், எதற்கும் கோபப்படவும் மாட்டார். பொம்மைத் தலைகளின் அளவுகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதெல்லாம் போதாது என்றார்.

"ஆளுங்களை ஏத்துங்க. உங்க ஆபீஸ் ஆளுங்க, அவங்க குடும்பம், யாரா இருந்தாலும் சரி. முதல்ல சாதாரணமா பறக்கட்டும். நடுவுல உங்க கருவியைப் போடுங்க. ஆனா யாருக்கும் சொல்லக் கூடாது. சொன்னா உக்காந்து கை தட்டுவாங்க. எனக்குக் கை தட்டு வேண்டாம். அவங்க பாட்டுக்குப் பேசிட்டு கொட்டாவி விட்டுட்டு இருக்கணும், அப்ப சத்தம் குறைஞ்சா என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

உஷ் சார் தலையாட்டிவிட்டார். அதில் ஒரு வில்லங்கம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியையும் மகளையும் கூப்பிட்டார். தான் ஆயுசெல்லாம் எதற்காக உயிரை விட்டோம் என்பதை அவர்கள் ஒரு தடவையாவது காதால் கேட்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வெகுநாளாக இருந்தது. அந்த ஆர்டரைவிட அதுதான் பெரிதாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

"நான் எதுக்குங்க? எனக்கு அதுல என்ன தெரியும்?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் தெரிய வேண்டாம். வாயை மூடிட்டுச் சும்மா உக்காந்திருந்தா போதும்."

"அது எனக்கு நல்லா வரும்" என்றாள் அவள்.

உஷ் சார் சந்தோஷமாகச் சட்டையை இஸ்திரி போடப் போய்விட்டார். பேனா மூடியின் சத்தம் கேட்ட காதில் அந்த வார்த்தை விழாமலே போயிற்று.

பறக்கும் நாளன்று விமானத்தில் திருவிழாக் கூட்டம் மாதிரி ஆள். தராசு மனைவியோடு வந்திருந்தார். மேனேஜர் முன்வரிசையில், கொள்முதல் அம்மா நடுவரிசையில் ஓரமாக. விசிறிக்கு நேர் எதிரே இருக்கும் வரிசைதான் அந்த விமானத்திலேயே சத்தம் அதிகமான இடம். பழைய விமானங்களில் அந்த டிக்கெட் கிடைத்தவன் தலையெழுத்தை நொந்துகொள்வான். உஷ் சார் வேண்டுமென்றே அதில் தன் மனைவியையும் மகளையும் உட்கார வைத்தார். சத்தம் அதிகமாக இருந்த இடத்தில்தான் அமைதியும் அதிகமாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. அவர் அவர்களுக்கு இரண்டு வரிசை முன்னால், மடியில் கணினியும் கைக்கடியில் ஒரு கறுப்புப் பொத்தானுமாக உட்கார்ந்தார்.

விமானம் மேலே ஏறியது. விசிறிகள் தங்கள் வேலையைக் காட்டின. ஆட்கள் கத்திப் பேசினார்கள், காதோடு வாய் வைத்துப் பேசினார்கள், கொஞ்சம் பேர் பேச்சை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். உஷ் சார் திரும்பிப் பார்த்தார். தாயும் மகளும் ஜன்னல் பக்கம் சாய்ந்து தலையோடு தலை வைத்து மும்முரமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது புதிதாக இருந்தது. வீட்டில் அவர்கள் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை.

பொத்தானை அழுத்தினார். அந்தக் கருவி சத்தத்தை ஒரேயடியாக வெட்டாது. விசிறியின் போக்கைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். காதுக்கு எப்போது குறைந்தது என்று தெரியாது. இரைச்சல் இறங்க இறங்க ஆட்களின் குரலும் தானாக இறங்கியது. ஆனால் யாருக்கும் தங்கள் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியவில்லை. கண்ணுக்கெதிரே விசிறி சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது? அது சுற்றுகிறவரை தாங்கள் பேசுவது பக்கத்து சீட்டைத் தாண்டாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் யாரோ மிட்டாய்க் காகிதம் பிரிப்பது கேட்டது. அப்புறம் யாரோ விரல் முறிப்பது. உஷ் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷம் இதற்காக! கணினியில் சத்தத்தைக் காட்டும் கோடு இறங்கி இறங்கி, பொம்மைத் தலைகளை வைத்து அளந்ததைவிடக் கீழே போனது.

"உங்க மேனேஜர் தலையில இருக்கறது சொந்த முடியா, வாங்கினதா?" என்று தராசின் மனைவி கேட்டாள்.

"முன்பக்கம் வாங்கினது. பின்பக்கம் சொந்தம்" என்றார் தராசு.

முன்வரிசையில் மேனேஜரின் கை மெல்ல உயர்ந்து தலையைத் தடவிவிட்டு இறங்கியது. சுற்றி இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. தராசு பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பக்கத்திலிருந்த சிலருக்கு விஷயம் புரிந்தது. புரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், அதனால் மீதி இருந்த பேச்சும் குறைந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் மிகச் சிலர்.

அந்த நேரத்தில் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது.

உஷ் சார் முதலில் அதை ஒரு சத்தமாகத்தான் கேட்டார். நல்ல உருண்டையான சத்தம், ஆரம்பம் தாழ்வாக, முடிவு மேலே தூக்கி. யாருடைய சிரிப்பு என்று யோசித்தார். ஆபீஸ் பெண்களில் இப்படிச் சிரிப்பவர் யார் என்று மனத்துக்குள் ஒவ்வொருவராகப் பார்த்தார். மறுபடி அந்தச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அவருக்கு விருந்து நடந்த வீட்டின் அந்தக் கோடி ஞாபகம் வந்தது. ஊரில் இருக்கும் மோட்டார்களை எல்லாம் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லும் மனிதர், கட்டின மனைவியின் சிரிப்பை யாருடையது என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வீடு சின்னதுதாம்மா. ரெண்டு ரூம்" என்றாள் மகள். "ரோட்டைப் பாத்த மாதிரி இருக்கு. விடிஞ்சா பஸ் சத்தம் ஆரம்பிச்சுடுமாம்."

"இருக்கட்டும்டி. சத்தம் இருந்தா நமக்கு நல்லதுதானே."

"புது ஆபீஸ்ல அடுத்த மாசமே சேரச் சொல்றாங்க. நீ அப்பாகிட்ட எப்பதான் சொல்லப்போறே?"

"இந்த பிளேன் வேலை முடியட்டும். இப்பப் போய்ச் சொன்னா மனுஷன் இடிஞ்சு போயிடுவார்."

உஷ் சார் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் கோடு இன்னும் கீழே இறங்கியிருந்தது. அருமையான கோடு.

"அவர் கெட்டவர் இல்ல. அதுதான் எனக்குக் கஷ்டமே" என்றாள் மனைவி. "ஒரு நாளும் குரலை உயர்த்தினது கிடையாது. அடிச்சிருந்தா, திட்டியிருந்தா நாலு பேர்கிட்ட சொல்லி அழலாம். என் புருஷன் உஷ்னு சொல்றார்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? சிரிப்பாங்க."

"மிக்ஸிக்குப் பெட்டி வந்த அன்னிக்கு உன் மூஞ்சியைப் பாக்கணுமே."

"உன் மூஞ்சி மட்டும் என்னவாம்? நாம பேசிட்டிருந்ததே அது ஓடறப்பதான். ஒண்ணுமே இல்லாத ஜாரைச் சுத்தவிட்டுப் பேசிட்டிருந்தோம். அதுவும் போச்சேன்னு நினைச்சேன்."

"துணி மெஷின் பக்கம் போனோம்."

"அதுக்கும் அடியில ரப்பரை வெச்சுட்டார்."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து ஓய்ந்தபோது மகளின் குரல் மாறியிருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். எனக்காகச் சொல்லாதே, உண்மையைச் சொல்லு. எங்கூட வந்துட்டா, நீ திரும்பி அப்பாகிட்ட வருவியா?"

மனைவி வளையலைத் திருகுவது கேட்டது.

உஷ் சார் நிமிர்ந்தார். விமானத்துக்குள் குண்டூசி விழுந்தால்கூடக் கேட்டிருக்கும். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தராசு குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மேனேஜர் தலையைத் தடவுவதைக்கூட நிறுத்திவிட்டார். கொள்முதல் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உஷ் சாரைப் பார்த்தார். மனைவியின் வாழ்க்கை முழுவதும் அந்த அமைதியில் கடை விரித்தது போலக் கிடந்தது, அவளுக்கு மட்டும்தான் அது தெரியாது.

ஒரு மூச்சு பொறுத்தால் பதில் வந்துவிடும். அவருக்கு அதைத் தவிர வேறு எதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் கேட்டால் எல்லோரும் கேட்பார்கள். நாளைக்கு ஆபீஸ் முழுக்க அது பேச்சாகும். பின்னால் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. பேசுவதற்கு முன் அப்படித்தான் இழுப்பாள், அந்தக் காலத்தில் அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

பொத்தானை அழுத்தி அணைத்தார்.

இரைச்சல் ஒரேயடியாகத் திரும்பி வந்து விமானத்தை நிரப்பியது. திரும்பிப் பார்த்தார். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. நீளமான பதில். மகள் அதைக் கேட்டுவிட்டுத் தலையை அம்மாவின் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சாய்வுக்கு என்ன அர்த்தம் என்று உஷ் சாருக்கு விளங்கவில்லை. எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

தரையிறங்கிய பிறகு மேனேஜர் முகம் சிவக்க வந்தார். அவருக்குக் கோபப்பட இரண்டு காரணங்கள் இருந்தன, ஒன்றை வெளியே சொல்ல முடியாது. ஏன் நடுவில் நின்றது என்று கேட்டார்.

"பழுது" என்றார் உஷ் சார். தன் கருவியை அவர் வாயால் குறை சொன்னது அதுவே முதல் தடவை.

கொள்முதல் அம்மா அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

"பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியும்" என்றார். "வாங்கிக்கறோம். ஆனா இவ்வளவு வேண்டாம். ஒருத்தர் பேசறது பக்கத்து சீட்டோட நிக்கணும். அந்த அளவுக்குக் கொஞ்சம் சத்தத்தை விட்டுவைங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "வீட்டுக்குப் போங்க" என்றும் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், சிக்னலில் கார் நின்றபோது கேட்டாள்.

"நடுவுல திடீர்னு சத்தம் கூடிடுச்சே, ஏதாவது கெட்டுப் போச்சா?"

"சின்னக் கோளாறு."

"அதுக்கு முன்னாடி ரொம்ப அமைதியா இருந்துச்சோ?"

"நான் கம்ப்யூட்டரைப் பாத்துட்டிருந்தேன். கவனிக்கல."

அவள் அவரையே பார்த்தாள். அவர் சிக்னலைப் பார்த்தார். பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார். அன்றைக்குச் சாயங்காலமே அவள் சொல்லிவிட்டாள். மகளுக்கு வேறு ஊரில் வேலை, தனியாக இருக்கப் பயப்படுகிறாள், தானும் கூடப் போய் இருக்கப்போவதாக. எத்தனை நாள் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து அவர் பேசுவதற்காகக் காத்திருந்தாள். அவர் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு, "சரி, போய்ட்டு வா" என்றார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். கம்பளி ஒட்டிய நாற்காலி சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

அவர்கள் போன பிறகு வீடு அவர் விரும்பிய மாதிரியே ஆகிவிட்டது. ஒரு இடத்தில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆபீஸில் பகலெல்லாம் உட்கார்ந்து, அழித்த சத்தத்தில் எவ்வளவைத் திருப்பிக் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பொம்மைத் தலைகளை எடுத்துவிட்டார்கள். ஆட்களை உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். "பேசுங்க, பேசுங்க" என்று அவர் கெஞ்சினார். அவரைப் பார்த்ததும் எல்லோருக்கும் வாய் ஒட்டிக்கொண்டது. அளவெல்லாம் முடிந்த ஒரு நாள் தராசு வந்து எதிரில் உட்கார்ந்தார். வழக்கமாகச் சண்டைக்கு வருகிறவர், அன்று எடையைப் பற்றிப் பேசவே இல்லை. மேஜை மேல் கிடந்த பஞ்சுத் துண்டை எடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"வீட்ல போன் பண்றாங்களா?" என்று கேட்டார்.

"பண்றாங்க."

"என்ன பேசுவீங்க?"

உஷ் சார் யோசித்துப் பார்த்தார். சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்பாள், ஆச்சு என்று இவர் சொல்வார். அதற்கு மேல் அவளுக்குப் பின்னால் ஓடும் பஸ்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் பழையபடி உயர்ந்திருந்தது. ஒரு தடவை போனைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் வந்த யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தாள். அன்று முழுக்க உஷ் சாருக்கு வேறு வேலை ஓடவில்லை. இதையெல்லாம் தராசிடம் எப்படிச் சொல்வது?

"சும்மா, வழக்கமா பேசறதுதான்" என்றார்.

அடுத்த விடுமுறை நாள் காலையில் சமையலறைக்குப் போனார். மிக்ஸியின் பெட்டியைத் திறந்தார். அதைச் செய்த நாட்களில் எவ்வளவு ஆசையாகச் செய்தார் என்பது ஒவ்வொரு மூலையிலும் தெரிந்தது. ஓரங்கள் எல்லாம் பிசிறில்லாமல் ஒட்டியிருந்தன. மிக்ஸியை வெளியே எடுத்து மேடை மேல் வைத்தார். காலி ஜாரை மாட்டித் திருகினார். அது வீடே அதிரும்படி அலறியது. ஒரு கணம் விரல் தன்னையறியாமல் உதட்டுக்குப் போயிற்று, அதைக் கீழே இறக்கிக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க சத்தம் அது?"

"மிக்ஸி."

"நீங்களா? என்ன அரைக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்ல. காலியாத்தான் ஓடுது."

"எதுக்கு?"

"உங்கிட்ட பேசணும். நீங்க ரெண்டு பேரும் இப்படித்தானே பேசுவீங்க."

அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"அப்ப அன்னிக்கு எல்லாம் கேட்டுச்சு" என்றாள்.

"கேட்டுச்சு. நீ கடைசியா சொன்னது மட்டும் கேக்கல. அதுக்குள்ள நான் அணைச்சுட்டேன்."

"நீங்களா அணைச்சீங்க?"

"ஆமா."

மிக்ஸி சூடேறி ரப்பர் வாசனை வந்தது. மேடை மேல் இருந்த கரண்டி ஒன்று அதிர்வில் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. உஷ் சார் போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு, அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார். ஆயுசெல்லாம் பேசிப் பழகிய அதே மெல்லிய குரலில்தான் கேட்டார். மிக்ஸி அதை அப்படியே விழுங்கிவிட்டது.

"என்னங்க? ஒண்ணும் கேக்கல."

மறுபடி கேட்டார்.

"கேக்கலைங்க. சத்தமா பேசுங்க" என்றாள்.

அவர் கை மிக்ஸியின் திருகில்தான் இருந்தது. ஒரு திருகு திருப்பினால் வீடு அமைதியாகிவிடும், அந்த மெல்லிய குரலே போதும். அவர் கையை எடுத்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். சத்தமாகப் பேசி அவருக்குப் பழக்கமே இல்லை.